உலகம் அழிந்த பிறகு யார் துணி துவைக்கிறது?

உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை என்று எடுக்கப்படும் படங்களில் முக்கால்வாசியில் ஆளுக்கொரு கறுப்புத் தோல் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். வெயில் கொளுத்துகிறது. குடிக்கத் தண்ணீர் இல்லை. சோற்றுக்கு வழியில்லை. ஜாக்கெட் மட்டும் இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். கன்னத்தில் கொஞ்சம் கரி பூசியிருப்பார்கள். முடி கலைந்திருக்கும், ஆனால் கலைத்துவிட்டவர் நல்ல சம்பளக்காரர் என்பது பார்த்தாலே தெரியும்.

எனக்கு இது பொறுக்காது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, மலாய்ப் பெண்கள் போடுகிற பாஜு கூரோங், பள்ளி திறக்கிற சமயத்தில் சீருடை, மற்ற நாளில் சிலுவார் (கால்சட்டை) இடுப்பைப் பிரித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது. பாதி வேலை புதுத் துணியில், மீதி பழைய துணியில். பழைய துணியில் கை வைத்துப் பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் வந்துவிடும். சட்டையை வாங்கியதுமே அதைப் போட்டவர் எந்தக் கையால் வேலை செய்கிறார், எந்தத் தோளில் பை மாட்டுகிறார், வீட்டில் துவைப்பது மெஷினா கையா என்று கண் தானாகக் கணக்குப் போடும். அந்தக் கண்ணோடு படம் பார்த்தால் கதாநாயகன் முகமெல்லாம் அப்புறம்தான்.

இந்த வகைப் படங்களில் நான் தேடுவது பெரிதாக ஒன்றுமில்லை. இந்தத் துணி முன்பு என்னவாக இருந்தது, கிழிந்தபோது யார் தைத்தார்கள், அழுக்கானால் யார் துவைக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்குப் பதில் உடம்பிலேயே இருந்தால் பாதி வசனம் தேவைப்படாது. இல்லாவிட்டால் எத்தனை கோடிக்கு கிராபிக்ஸ் செய்தாலும் எனக்கு ஒட்டாது.

கறுப்புத் தோல் எங்கிருந்து வந்தது என்று பின்னாலேயே போனால் ஆஸ்திரேலியாவில் போய் நிற்கும். 1979இல் வந்த ‘மேட் மேக்ஸ்’ படத்தில் மேக்ஸ் ஒரு நெடுஞ்சாலைப் போலீஸ்காரன். தோல் உடுப்பு அவனுடைய சீருடை. கையில் காசில்லாமல் எடுத்த படம். முக்கியமானவர்களுக்கு மட்டும் நிஜத் தோல், மற்ற போலீஸ்காரர்களுக்கு வினைல் என்று சமாளித்தார்கள். 1981இல் இரண்டாம் பாகம் வந்தது. உடை வடிவமைத்தவர் நார்மா மோரிசோ. மேக்ஸ் உடம்பில் அதே ஜாக்கெட்தான், ஆனால் ஒரு கை இல்லை. காலில் கீல் வைத்த இரும்புப் பட்டை. முதல் படத்தின் கடைசியில் அவன் முட்டியில் குண்டு பாய்ந்தது, கை மேல் மோட்டார் சைக்கிள் ஏறியது. வைத்தியம் பார்த்தவர்கள் சட்டைக் கையைக் கத்தரித்திருப்பார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். படம் வாயைத் திறக்காது. முதல் படத்தைப் பார்க்காதவனுக்கும் இந்த ஆளுக்கு என்னமோ நடந்திருக்கிறது, இவனுக்கு வேறு ஜாக்கெட் கிடைக்கவில்லை என்பது மட்டும் புரிந்துவிடும்.

34 வருடம் கழித்து, 2015இல், ‘ஃபியூரி ரோடு’ வந்தபோது மேக்ஸாக நடித்தவரே மாறிவிட்டார். மெல் கிப்சன் போய் டாம் ஹார்டி. ஆனால் முட்டியில் அந்தப் பட்டை அப்படியே இருக்கிறது. ஆள் மாறினாலும் காயம் மாறவில்லை. இவன்தான் அவன் என்பதற்கு அதுதான் அடையாள அட்டை. இதெல்லாம் தெரியாமல் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஜாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்தான் நான் முதலில் திட்டியவர்கள். மேக்ஸ் போலீஸ்காரன், அதனால் தோல் போட்டான். நீங்கள் யார்? நீங்கள் முன்பு பள்ளிக்கூட ஆசிரியர் என்று கதையில் சொல்கிறீர்கள். உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?

‘ஃபியூரி ரோடு’ படத்துக்கு உடை வடிவமைத்தவர் ஜென்னி பீவன் என்ற ஆங்கிலேய அம்மா. அதற்கு முன் அவர் பெயர் பெற்றதெல்லாம் பழைய காலத்து இங்கிலாந்துக் கதைகளில்தான். லேஸ் வைத்த கவுன், தொப்பி, குடை, கையுறை. 1985இல் வந்த அப்படி ஒரு படத்துக்கு இன்னொருவரோடு சேர்ந்து ஆஸ்கார் வாங்கியவர். அவரைக் கூப்பிட்டுப் பாலைவனத்துக் கொள்ளைக் கூட்டத்துக்கு உடை தைக்கச் சொல்வது முதலில் விநோதமாகத்தான் படும். எனக்கு அது சரியான ஆளாகத் தோன்றியது. பழைய இங்கிலாந்தில் யார் எஜமான், யார் வேலைக்காரி என்பது கழுத்துப் பட்டையிலும் ஏப்ரன் துணியிலும் தெரியும். அந்தப் படிநிலையை நூலில் தைக்கத் தெரிந்தவருக்குப் பாலைவனம் பெரிய தூரமில்லை. இந்தப் படத்துக்காக 2016இல் இன்னொரு ஆஸ்கார் கிடைத்தது. மேடைக்கு அவர் பளபள கவுனில் வரவில்லை. முதுகில் மண்டையோடு போட்ட ஒரு ஜாக்கெட்டில் வந்தார். ஜாக்கெட் போட உரிமையுள்ள ஆள்.

அந்தப் படத்தில் ஒரு காட்சியை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். இம்மார்ட்டன் ஜோ என்ற தலைவனுக்கு உடுத்திவிடுகிறார்கள். முதலில் முதுகு தெரிகிறது. முழுக்கப் புண், கொப்புளம். சின்னப் பையன் ஒருவன் அதன்மேல் வெள்ளைப் பொடி தூவுகிறான். அப்புறம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்த மார்புக் கவசத்தைப் பூட்டுகிறார்கள். கவசத்தில் நெஞ்சும் வயிறும் கட்டுமஸ்தாக வார்க்கப்பட்டிருக்கிறது, மேலே வரிசையாகப் பதக்கங்கள். உள்ளே அழுகின உடம்பு, வெளியே பயில்வான். கடைசியில் பல் வைத்த முகமூடி, அதில்தான் மூச்சு. வசனமே கிடையாது. இவன் நோயாளி, அது மக்களுக்குத் தெரியக்கூடாது, இவனால் தனியாகச் சட்டைகூடப் போட முடியாது, கூட நிற்பவர்களுக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் கும்பிடுகிறார்கள். இவ்வளவும் ஒரு ஆள் உடுப்பு மாட்டுகிற நேரத்தில் முடிந்துவிடுகிறது. கீழே மலையடிவாரத்தில் ஜனங்கள் சட்டி பானையோடு தண்ணீருக்குக் காத்திருக்கிறார்கள். அவர்கள் மேலிருப்பது எந்தக் காலத்தில் என்ன நிறமாக இருந்தது என்றே சொல்ல முடியாத துணி.

இதற்கு அப்புறம் வருகிறது வெள்ளை. ஜோவின் மனைவிகள் என்று அடைத்து வைக்கப்பட்டிருந்த ஐந்து பெண்கள் லாரியில் தப்பி வருகிறார்கள். மேக்ஸ் அவர்களை முதலில் பார்க்கும்போது லாரிக் குழாயைத் திறந்துவிட்டு மேலைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். மேலே மெல்லிய வெள்ளைத் துணி. அவனோ தாகத்தில் நாக்கு வறண்டு நிற்கிறான். பலர் இதை நடிகைகளைக் காட்டுவதற்காக வைத்த காட்சி என்று முகம் சுளித்தார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் எனக்குப் பட்டது வேறு. சொட்டுத் தண்ணீருக்கு ஜனங்கள் மிதிபடுகிற ஊரில் ஒருத்தி வெள்ளை கட்டியிருக்கிறாள் என்றால் யாரோ அதைத் தினமும் துவைக்கிறார்கள். அந்த வெள்ளை அவளுடையது இல்லை, ஜோவின் தண்ணீர்த் தொட்டி. படம் போகப்போக அது அழுக்காகிறது, கிழிகிறது, மேலே மற்றவர்களின் துணி ஏறுகிறது. அழுக்காக ஆகத்தான் அவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு நடமாடுகிறார்கள்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. நான் வளர்ந்த தோட்டத்தில் தூரத்தில் ஒரு ஆள் வரும்போதே யார் என்று துணி சொல்லிவிடும். பெரிய கிராணி (தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா) வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சிலுவார். மடிப்புக் கலையாது. செம்மண் ரோட்டில், மழை நாளில், ரப்பர் ஸ்டோருக்கும் ஆபீசுக்கும் நடக்கிற மனிதர் வெள்ளை போடுகிறார் என்றால் சேற்றில் இறங்க வேண்டிய வேலை அவருக்கு இல்லை என்று அர்த்தம். இறங்கினாலும் அதைத் துவைத்துக் கஞ்சி போட ஒரு டோபி இருக்கிறார் என்று அர்த்தம். கங்காணிக்கு வேட்டி மேல் கோட்டு. தாத்தா காலத்துப் புகைப்படங்களில் பாருங்கள், கோட்டு இல்லாத கங்காணியைக் காண்பது கஷ்டம். இந்த ஊர் வெயிலில் கோட்டு எதற்கு? வெயிலுக்காக இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் நிற்கிற மற்றவர்களிடம் கோட்டு இல்லை, அதற்காக.

2013இல் வந்த ‘ஸ்னோபியர்சர்’ படம் இதையே ஒரு ரயிலுக்குள் வைத்துச் சொல்கிறது. உலகம் உறைந்துபோய், மிச்ச மனிதர்கள் ஓயாமல் ஓடுகிற ஒரு ரயிலில் இருக்கிறார்கள். வால்பெட்டியில் கந்தல், முன்பெட்டிகளில் ரோமக் கோட்டு. நடுவில் அதிகாரம் செய்ய வருகிற பெண்மணி ஒரு செருப்பை எடுத்து வால்பெட்டிக்காரன் தலையில் வைத்து, செருப்பு காலில் இருக்க வேண்டியது, தலைக்கு ஆசைப்படக்கூடாது, நீங்களெல்லாம் செருப்பு என்று பாடம் எடுப்பாள். அவளுக்கு முன்னாலேயே மஞ்சள் கோட்டுப் போட்ட ஒருத்தி வந்து வால்பெட்டிக் குழந்தைகளை அளவுநாடாவால் அளந்து பார்க்கிறாள். எதற்கு என்று அப்போது தெரியாது. உடை வடிவமைத்தவர் கேத்தரின் ஜார்ஜ். இருண்ட பெட்டிக்குள் அந்த மஞ்சள் நுழைவதும், என் கழுத்தில் நாள் முழுக்கத் தொங்குகிற அதே நாடா அவள் கையில் இருப்பதும் சேர்ந்து என்னை என்னமோ செய்துவிட்டது. மறுநாள் கடையில் ஒரு குழந்தைக்குச் சீருடை அளவெடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது.

சரி, தேய்மானத்துக்கு வருவோம். அழுக்கு யாருக்கும் பூசிவிடலாம். தேய்மானம் அப்படியில்லை, அது வேலை செய்த இடத்தில்தான் விழும்.

என் அம்மா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அம்மாவின் வேலைச் சட்டை ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டைதான் அது. தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் புருஷன் சட்டையைத்தான் வேலைக்குப் போட்டார்கள், கீழே கைலி, தலையில் துண்டு. மார்பிலும் முழங்கையிலும் பால் சிந்திக் காய்ந்த இடமெல்லாம் கறுத்து, தகடாக விறைத்திருக்கும். ரப்பர் பால் துணியில் காய்ந்தால் போகாது; துவைக்கத் துவைக்கச் சுற்றியுள்ள துணி வெளுக்கும், கறை இன்னும் கறுப்பாகத் தெரியும். வலது தோளில் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தூக்குகிற காண்டாக் கம்பு உட்காருகிற இடம் நைந்து, உள்ளே வேறொரு துணி வைத்துத் தைத்திருக்கிறது. அதுவும் நைந்துபோய் அதன்மேல் இன்னொன்று. இடது தோள் புதுசாகவே இருக்கிறது. இடுப்புக்கு மேலே சின்னச் சின்னதாகத் தீய்ந்த பொத்தல்கள். கொசுவத்தியைக் கொளுத்தித் தகர மூடியில் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போவார்கள், அதன் பொறி. இந்தச் சட்டையைத் தோட்டம் என்றால் என்னவென்று தெரியாத ஒரு ஆளிடம் கொடுத்தாலும், இவர் ஒரு தோளில் பாரம் தூக்குவார், வெள்ளையாக எதையோ கையாளுவார், இடுப்பில் நெருப்பு வைத்திருப்பார், வீட்டில் தைக்கத் தெரிந்தவர் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார். இதைத்தான் ஒரு நல்ல உடை வடிவமைப்பாளர் மெனக்கெட்டுச் செய்கிறார்.

நிஜமாகவே மெனக்கெடுகிறார்கள். பெரிய படங்களில் துணியைப் பழசாக்குவதற்கென்றே தனி ஆட்கள் உண்டு. புதுத் துணியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார்கள், பாலாடைக்கட்டி துருவியால் துருவுவார்கள், உப்புத்தாள் போடுவார்கள், தேயிலைச் சாற்றில் ஊறவைப்பார்கள், பிளீச் தெளிப்பார்கள், கல்லோடு சேர்த்து மெஷினில் சுற்றவிடுவார்கள், ஓரத்தை நெருப்பில் வாட்டுவார்கள். அதோடு விடாது. படத்தை வரிசையாக எடுப்பதில்லை அல்லவா? காலையில் கதையின் கடைசிக் காட்சி, மாலையில் முதல் காட்சி. அதனால் ஒரே சட்டையில் பல பிரதி தைத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வயதுக்குக் கொண்டுவந்து மாட்டிவைக்க வேண்டும். பத்தாம் காட்சியில் விழுந்த கிழிசல் எட்டாம் காட்சியில் இருந்தால் மானம் போய்விடும்.

எனக்கும் அந்த வேலை ஒரு தடவை வந்தது. தம்பி மகன் கோலாலம்பூரில் சினிமா படிக்கிறான். குறும்படம் எடுக்கப்போவதாகச் சொல்லி ஒரு பை நிறைய உடுப்போடு கடைக்கு வந்து நின்றான்.

“அத்தை, இதெல்லாம் பழசாக்கிக் குடுங்க. உலகம் அழிஞ்சு இருபது வருசம் ஆச்சுன்னு கதை.”

“இருபது வருசமா? அப்ப இந்த எலாஸ்டிக்கெல்லாம் செத்துப் போயிருக்குமேடா.”

“அதையெல்லாம் யாரு பாக்கப்போறா?”

“நான் பாப்பேன் லா.”

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தொழிற்சாலை நின்றுபோன உலகத்தில் முதலில் சாகிறது எலாஸ்டிக். அது ரப்பர். வேர்வை, வெயில், எண்ணெய் பட்டால் சில வருடத்தில் இழுவை போய்ப் பிசுபிசுத்து உதிரும். (கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். அந்த மரம் நிற்கும், எலாஸ்டிக் நிற்காது.) அடுத்து ஜிப். ஒரு பல் போனால் மொத்தமும் போச்சு, வீட்டில் செய்ய முடியாது. பொத்தான் மட்டும் துணியைவிட அதிக நாள் இருக்கும். அதனால்தான் எங்கள் வீட்டில் பழைய சட்டை கரித்துணியாவதற்கு முன் அம்மா பொத்தானை எல்லாம் அறுத்து பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பார். ஆகவே இருபது வருடம் கழித்து வருகிறவன் இடுப்பில் நாடா இருக்க வேண்டும், சட்டையில் ஒன்றோடொன்று சேராத பொத்தான்கள் இருக்க வேண்டும். இதுவரை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறீர்கள்? எல்லோருக்கும் ஜிப் பளபளவென்று ஏறி இறங்குகிறது.

அவன் கொண்டுவந்த சட்டைகளில் பாதி பாலியஸ்டர். காப்பித் தண்ணீரில் போட்டு வைத்தேன், அலசியதும் புதுசாக வந்து சிரித்தது. பாலியஸ்டருக்குக் காப்பியும் ஏறாது, தேயிலையும் ஏறாது. உப்புத்தாளில் தேய்த்தால் நைவதற்குப் பதில் முடிச்சு முடிச்சாகப் பஞ்சு கிளம்பும். பருத்திச் சட்டை நல்ல பிள்ளை. செங்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்ததும் காலர் முனை வெளுத்து நூல் காட்டியது, காப்பியைக் குடித்தது, அக்குளில் உப்புத் தண்ணீர் தெளித்துக் காயவைத்ததும் வேர்வைக் கறை மாதிரியே வெள்ளை வளையம் விழுந்தது. அன்றைக்கு ஒன்று உறைத்தது. சினிமாவில் உலகம் அழிந்ததும் எல்லோரும் சாக்குத் துணி, தோல், பழுப்புப் பருத்தி என்று போய்விடுகிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது. நிஜத்தில் நமக்கு மிஞ்சப்போவது பாலியஸ்டர்தான். பருத்தி மக்கிப்போகும். முதுகில் நம்பர் போட்ட ஃபுட்சால் ஜெர்சி மக்காது. உலகம் முடிந்த பிறகு சுங்கை சிப்புட்டில் சுற்றப்போகிறவர்கள் யாரோ ஒரு ஐரோப்பிய ஆட்டக்காரன் பெயரை முதுகில் சுமந்துகொண்டு, காலில் ‘அடிடாஸ் கம்போங்’ என்று நாம் கேலியாகச் சொல்கிற அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்தோடுதான் சுற்றுவார்கள். அதில் தையலே இல்லை, ஒரே வார்ப்பு. பால் வெட்டுக்கும் அதுதான், மலையேறுவதற்கும் அதுதான்.

இந்த எச்சத் துணி விஷயத்தைச் சரியாகப் பிடித்த படம் ஒன்று உண்டு. 2006இல் வந்த ‘சில்ட்ரன் ஆஃப் மென்’. மனிதர்களுக்குக் குழந்தை பிறப்பதே நின்றுபோன 2027இல் நடக்கிற கதை. கதாநாயகன் ஓரிடத்தில் போட்டுக்கொண்டு வருவது ‘லண்டன் 2012’ ஒலிம்பிக் என்று எழுதிய ஒரு பழைய மேல்சட்டை. படம் வெளிவந்தபோது அந்த ஒலிம்பிக் நடக்கவே இல்லை. பார்க்கிறவனுக்கு வரப்போகிற திருவிழா, கதையில் இருக்கிறவனுக்கு அது சாயம் போன பழைய நினைவு. ஒரு சட்டையில் இரண்டு காலம். எங்கள் மாமா ஒருவர் 1998 கோமன்வெல்த் போட்டி டீ-சட்டையைப் போட்டுக்கொண்டு செம்பனைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார், போட்டி முடிந்து எத்தனையோ வருடம் கழித்தும். தோட்டத்தில் எல்லா விழாவும் கடைசியில் வேலைச் சட்டையாகத்தான் முடியும். அதே படத்தின் பிற்பாதியில் அந்தக் கதாநாயகன் ரப்பர் சிலிப்பரோடு ஓடுகிறான். துப்பாக்கிச் சண்டைக்கு நடுவில் சிலிப்பர்! தப்பிக்கிற அவசரத்தில் காலில் கிடைத்தது அதுதான். எனக்கு அந்தச் சிலிப்பரைப் பார்த்துத்தான் பயம் வந்தது, குண்டுச் சத்தத்தால் இல்லை.

எங்கள் பக்கத்தில் உலகம் ஒரு தடவை முடிந்துதான் இருக்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. 1945வரை துணி என்று ஒன்று கடையில் இல்லை. அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கு தின்ற கதையை எல்லா வீட்டிலும் சொல்வார்கள். துணிக் கதையைப் பாட்டிகள்தான் சொல்வார்கள். எங்கள் பாட்டி கோணிச் சாக்கை வெட்டித் தைத்துக் கட்டியவர். சாம்பல் தண்ணீரில் சாக்கை வேகவைத்தால் கொஞ்சம் இளகுமாம். நூலுக்கு எங்கே போவது? அந்தச் சாக்கிலிருந்தே இழை உருவித் தைப்பது. தையல் ஓரத்தை உள்ளே விட்டால் தோலை அறுக்கும், அதனால் ஓரம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பித் தைப்பார்களாம். சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன தோட்டத்து ஆட்களில் திரும்பி வந்தவர்களும் இடுப்பில் சாக்கோடுதான் வந்தார்கள் என்று பாட்டி சொல்வார். அதற்குமேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

படங்களில் சாக்கு உடுப்பு வரும்போதெல்லாம் நான் தையல் ஓரத்தைத்தான் பார்க்கிறேன். பெரும்பாலும் அழகாக உள்ளே மடித்திருக்கும். தோலில் உராயும் என்று யோசித்தவர் யாரும் அந்தப் படத்தில் வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும். ஆகாயத்தில் தொங்குகிற பணக்கார உலகமும் கீழே கடைசி நகரமாகக் காசியும் என்று 2024இல் ‘கல்கி 2898 ஏடி’ வந்ததே, ஈப்போவுக்குப் போய்ப் பார்த்தேன். பிரம்மாண்டம் என்றால் பிரம்மாண்டம், மறுப்பதற்கில்லை. கீழ் உலகத்து ஜனங்களின் துணியில் தூசி இருந்தது. தேய்மானம் எனக்குத் தென்படவில்லை.

துணி என்பது உயிர் என்று ஒரு படம் மட்டும் முகத்தில் அறைந்தது. 2009இல் வந்த ‘தி ரோடு’. சாம்பல் படிந்த, குளிர்ந்த உலகத்தில் ஒரு அப்பாவும் மகனும் தள்ளுவண்டியோடு தெற்கே நடக்கிறார்கள். அவர்கள் உடம்பில் இருப்பதை உடை என்றே சொல்ல முடியாது. கிடைத்ததன் மேல் கிடைத்தது, பிளாஸ்டிக் உள்பட. ஒருநாள் அவர்களுடைய சாமானையெல்லாம் ஒருவன் திருடிவிடுகிறான். அப்பா துரத்திப் பிடிக்கிறார். துப்பாக்கி கையில் இருக்கிறது, ஆனால் சுடவில்லை. எல்லாவற்றையும் கழற்று என்கிறார். சட்டை, சிலுவார், சப்பாத்து, ஒன்று விடாமல். நடுரோட்டில் அவன் நடுங்கிக்கொண்டு நிற்கிறான். மகன் அழுகிறான். சுட்டிருந்தால் ஒரு நொடி. இது மெதுவாகக் கொல்வது என்று அந்தச் சின்னப் பையனுக்குத் தெரிகிறது. பிறகு மகனின் பிடிவாதத்தால் திரும்பிப் போய் அந்தத் துணியை அங்கேயே வைத்துவிட்டு வருகிறார்கள். ஆள் அங்கே இல்லை. அப்பா நல்லவர், நாம்தான் நல்லவர்கள் என்று மகனுக்குப் படம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வருவார். ரோட்டில் கிடக்கிற அந்தத் துணி மூட்டை அதை அப்படியே நம்ப விடாது.

தம்பி மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவனும் கேட்டான், சும்மா சொல்லக்கூடாது. வில்லன் கூட்டத்துக்குப் பள்ளிச் சீருடையைக் கிழித்து மேல்கட்டாகப் போடலாம் என்றேன், பிடித்துக்கொண்டான். கதாநாயகியின் அம்மா ஒரு காலத்தில் பால் வெட்டியவர் என்று மாற்றி, அவள் சட்டையில் வலது தோளில் மட்டும் ஒட்டுப் போடச் சொன்னான். ஒட்டுக்கு நான் வேறு நிறத் துணி எடுத்தேன், கை நடுங்குகிற கிழவி தைத்த மாதிரி தையலைக் கோணலாக ஓட்டினேன். நேராகத் தைத்தே பழகிய கைக்குக் கோணல் லேசில் வராது. அவள் பாவாடைக்கு எலாஸ்டிக்கை உருவிவிட்டு நாடா கோத்தேன். பொத்தானுக்கு அம்மாவின் டின்னைத் திறந்துவிட்டேன், வேண்டியதை எடுத்துக்கொள் என்று.

கதாநாயகன் விஷயத்தில்தான் அவன் மசியவில்லை. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய கறுப்பு ஜாக்கெட், தோல்கூட இல்லை, ரெக்ஸின். “ஹீரோ அத்தை, அப்பிடித்தான் இருக்கணும்” என்றான். சரி என்று விட்டுவிட்டேன், அவன் படம். படப்பிடிப்புக்கு நடுவில் வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். ஜாக்கெட் ஜிப் பிய்ந்து பாதியில் தொங்குகிறது. என்ன செய்வது என்று கேட்டிருந்தான். பையில் மிச்ச நாடா இருக்கும், ஓட்டை போட்டுக் கட்டிவிடு என்று பதில் போட்டேன்.